பழைய மர அலமாரி வாங்கப் போகிறீர்களா? முதுகிலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்

பழைய அலமாரி எதுவாக இருந்தாலும் விற்பவர் அதன் முகத்தைத்தான் முதலில் காட்டுவார். செதுக்கு வேலை, பித்தளைப் பிடி, கண்ணாடிக் கதவு, போன வாரம் அடித்த பாலிஷ் எல்லாம் சேர்ந்து பார்த்தவுடனே மனசு அதன் பின்னால் போய்விடும். ஆனால் யோசித்துப் பாருங்கள், பிடியை மாற்றலாம், பாலிஷை எடுத்துவிட்டு வேறு அடிக்கலாம், உடைந்த கண்ணாடிக்குப் பதில் வேறு போடலாம். கூடு கோணியிருந்தாலோ, மரம் உளுத்திருந்தாலோ, உள் ஆழம் ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, செய்தாலும் அந்தச் செலவு அலமாரியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் இங்கே வரிசையே தலைகீழ்: முதலில் உங்கள் தேவை, அப்புறம் அலமாரியின் முதுகு, அடி, உள்பக்கம், முகம் கடைசியில்தான்.

1. உள்ளே என்ன போகப் போகிறது?

"அழகாக இருக்கிறது, வாங்கிப் போட்டால் எதையாவது வைத்துக்கொள்ளலாம்" என்று வாங்கியவைதான் பிற்பாடு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்கக் கிளம்பும் முன்பே உள்ளே போக வேண்டிய பொருட்களைத் தாளில் எழுதி, அவற்றில் பெரியது எதுவோ அதை அளந்துவிடுங்கள்.

துணியை ஹேங்கரில் மாட்ட உள் ஆழம் 55 முதல் 60 செ.மீ. வேண்டும். பழைய துணி அலமாரிகளில் பல இதைவிட ஆழம் குறைந்தவை, ஏனென்றால் அவை செய்யப்பட்ட காலத்தில் துணியை மடித்து அடுக்கினார்கள் அல்லது கொக்கியில் மாட்டினார்கள். உள்ளே குறுக்குக் கம்பி இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது பின்னாளில் யாரோ திருகியதாக இருக்கலாம். ஒரு ஹேங்கரைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, கதவைச் சாத்திப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. ஆழம் போதவில்லை ஆனாலும் அலமாரி பிடித்துவிட்டது என்றால், முன்னும் பின்னுமாக நீளும் இழுவைக் கம்பி போட்டுச் சமாளிக்கலாம், என்ன, கொள்ளும் துணி குறையும்.

புத்தகத்துக்கு 20 முதல் 25 செ.மீ. ஆழம் போதும், ஆனால் எடைதான் பிரச்சினை. ஒரு மீட்டர் நீளத் தட்டில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் 20, 30 கிலோ சுலபமாக வரும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: தட்டின் கனம் அப்படியே இருந்து நீளம் மட்டும் இரு மடங்கானால், அதே நெருக்கத்தில் அடுக்கும்போது நடுவில் தொய்வு 16 மடங்காகும். ஆகவே பாத்திரம் வைக்கச் செய்த அகலமான அலமாரியைப் புத்தகத்துக்கு எடுப்பதாக இருந்தால், நடுவில் ஒரு தாங்கல் வைக்க இடம் உண்டா என்று முதலிலேயே பாருங்கள். காகிதங்களுக்கு என்றால் இழுப்பறையின் உள் அளவை எடுங்கள், ஏ4 தாள் 21 × 29.7 செ.மீ., அந்த 0.7 செ.மீ. இல்லாமல் கோப்புகள் மடங்கிக் கிடப்பது எரிச்சலான விஷயம்.

ஒரு எச்சரிக்கை, இதைப் பலர் சொல்வதில்லை. ஓக் மரம் எத்தனை வயதானாலும் மெல்ல மெல்ல அமில ஆவியை வெளிவிடும். மூடிய ஓக் அலமாரிக்குள் ஈயம் கலந்த பொருட்கள், பழைய நாணயங்கள், புகைப்படங்கள், சிப்பிகள் போன்றவற்றை நீண்ட காலம் வைத்தால் அரித்துப்போகும் என்பதால் அருங்காட்சியகங்கள் அப்படி வைப்பதைத் தவிர்க்கின்றன. துணி, பாத்திரம், புத்தகம் வைக்க இதனால் பெரிய தொந்தரவு இல்லை.

2. வீட்டுக்குள் வருமா?

சுவரில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வாசல் கதவு, மாடிப்படித் திருப்பம், லிஃப்ட், அறைக் கதவு என்று வழி நெடுக இருக்கும் மிகக் குறுகலான இடம்தான் உங்கள் உண்மையான அளவு. அதோடு கூரையும் உண்டு. 220 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்கவைத்து உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தினால், நிமிரும்போது அதன் மூலைவிட்டம் 228 செ.மீ. இடம் கேட்கும். கூரை 225 என்றால் நிற்க இடம் இருந்தும் நிமிர்த்த முடியாது.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. பெரிய பழைய துணி அலமாரிகள் பல கழற்றி மாட்டவே செய்யப்பட்டவை: மேல் கிரீடம், கதவுகள், பக்கங்கள், அடிப்பீடம் தனித்தனியாக வரும், ஆப்பும் முளையும் எடுத்தால் பிரிந்துவிடும். "இது கழருமா?" என்று கேளுங்கள். கழரும் என்றால் உங்கள் முன்னாலேயே ஒரு தடவை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் நடுவில் ஆணி அடித்து நிரந்தரமாக்கியிருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும்.

கதவு திறக்கும் வீச்சையும் மறக்க வேண்டாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் 60 செ.மீ. மட்டுமே இருந்தால், அகலமான இரட்டைக் கதவு வேண்டாம். நகர்த்தும் கதவு உள்ளதையோ, சுருள் கதவு உள்ளதையோ தேடுங்கள்.

3. ஆன்டிக்கா, விண்டேஜா?

100 வருடம் தாண்டியதை ஆன்டிக் என்பது பொதுவான வழக்கம். அதற்குக் குறைவான வயதுள்ள, ஆனால் ஒரு காலகட்டத்தின் அடையாளம் தெரியும் பொருளை விண்டேஜ் என்கிறார்கள், அதற்கு உறுதியான எல்லை கிடையாது, 30 வருடப் பொருளுக்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டி விற்பார்கள்.

தினமும் பலமுறை திறந்து மூடும் அலமாரி வேண்டும் என்றால் என் ஓட்டு 1950, 60களில் செய்த உறுதியான விண்டேஜுக்குத்தான். அந்தக் காலத்து டென்மார்க் தேக்கு சைட்போர்டுகளைப் (சுவரோரம் நிற்கும் தாழ்வான, நீளமான அலமாரிகள்) போன்றவை இன்றைய வீட்டு அளவுக்குப் பொருந்தும், இழுப்பறை சுலபமாக ஓடும், உடம்பு பெரும்பாலும் வெனீர்தான் (வேறு பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத் தகடு) என்றாலும் நன்றாகவே உழைக்கும். நூறு வருடப் பொருளுக்கு மரியாதை கொடுத்துப் பழக வேண்டியிருக்கும், அதற்குப் பொறுமை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். வயதுக்காக மட்டும் பணம் கொடுப்பது சேகரிப்பாளர்களின் வேலை, வீட்டுக்கு வாங்குபவருக்கு அது தேவையில்லை.

4. வகைகளில் எது யாருக்கு?

சிறு சிறு பொருட்கள் நிறைய இருந்தால் மருந்துக்கடை அலமாரியோ, நூலக அட்டை அலமாரியோ பாருங்கள். நூலகத்தில் புத்தகப் பட்டியல் அட்டைகளை வைத்தவை இவை, அட்டை சுமார் 7.5 × 12.5 செ.மீ., இழுப்பறையும் அதற்கேற்றபடி குறுகலாக, நீளமாக இருக்கும். ஊசி நூல், கருவிகள், விதைப் பொட்டலங்களுக்கு அருமை, வேறு எதற்கும் உதவாது. பார்க்க அழகு என்பதால் இவற்றை வாங்கிவிட்டு காலியாக வைத்திருப்பவர்கள் அதிகம்.

புத்தகத்துக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிகள் சிறந்த தேர்வு. குளோப் வெர்னிக்கே போன்ற நிறுவனங்கள் இவற்றை 1900 வாக்கில் பெருமளவில் செய்தன. கதவு மேலே தூக்கி உள்ளே தள்ளும் வகை என்பதால் முன்னால் இடம் கேட்காது, தூசியும் அண்டாது, வீடு மாறும்போது ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் போகலாம். வாங்கும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே தொகுப்பைச் சேர்ந்தவையா, ஒன்றன் மேல் ஒன்று ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் பொருந்தும் விதம் மாறும்.

பெரிய தாள், ஓவியம், துணி வகைகளுக்கு வரைபட அலமாரி எனப்படும் அகன்ற, ஆழமில்லாத இழுப்பறைகள் கொண்டது நல்லது. ராணுவ அதிகாரிகள் முகாமுக்குக் கொண்டுபோன இழுப்பறைப் பெட்டிகளும் உண்டு, மூலைகளில் பித்தளைத் தகடு பதித்து, பிடிகள் மரத்துக்குள் அமிழ்ந்து, மேல் பாதி கீழ் பாதியாகப் பிரியும். குறுகிய படிக்கட்டு உள்ளவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. மாடிப்படி வடிவில் இருக்கும் ஜப்பானிய தான்சு அலமாரி மூலைகளுக்குப் பொருந்தும், ஆனால் சந்தையில் புதிதாகச் செய்து பழையதாகக் காட்டப்படுபவை நிறைய.

5. பார்க்கப் போகும்போது கையில் என்ன?

நல்ல டார்ச், இஞ்ச் டேப், சிறிய காந்தம், ஒரு கூரான குச்சி அல்லது ஆணி, சிறிய ரசமட்டம், வெள்ளைத் துணி. போன் கேமராவும் வேண்டும், கை மட்டும் நுழையும் இடங்களில் அதை உள்ளே நீட்டிப் படம் எடுத்துப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் போங்கள். மஞ்சள் விளக்கில் எல்லா மரமும் தேக்குதான்.

6. முதுகு, அடி, இழுப்பறை

முதலில் அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுவது நல்லது.

முதுகுப் பலகையில் பாலிஷ் இருக்கக் கூடாது. யாரும் பார்க்காத இடத்தில் பழைய தச்சர்கள் உழைப்பை வீணாக்க மாட்டார்கள், பலகை கரடாக, ஒரே கனமாக இல்லாமல், காற்றுப் பட்டுத் தானாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது: காற்று படும் இடத்தில் கூடுதல், இரண்டு பலகை ஒன்றன் மேல் ஒன்று படிந்த இடத்தில் குறைவு. முதுகு முழுக்க ஒரே சாயமாகப் பழுப்பாக இருந்தால் யாரோ பூசியிருக்கிறார்கள், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேளுங்கள். ரம்பத்தின் தடமும் பேசும். நேர்கோடாக, இடைவெளி சீராக இல்லாமல் இருந்தால் கையால் அறுத்தது. வில் போல வளைந்த தடம் வட்ட ரம்பத்துடையது, அது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. முதுகில் பிளைவுட் என்றால் அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டுப் பொருள், அல்லது முதுகு பிற்பாடு மாற்றப்பட்டது. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இருந்தால் இன்னும் சமீபம்.

அடுத்து கூடு. முன்புறத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள், இரண்டும் சமமாக இருந்தால் கூடு நேராக இருக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் மூட்டுகள் தளர்ந்திருக்கின்றன அல்லது தரை சமமில்லை, எது என்று ரசமட்டம் சொல்லிவிடும். மேல் மூலையில் கை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். லேசான முனகல் பரவாயில்லை. கூடே சாய்ந்து திரும்பினால் எல்லா மூட்டையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், நல்ல தச்சர் கையில் இருந்தால் முடியும், செலவு ஆகும்.

இழுப்பறைதான் எனக்குப் பிடித்த இடம், பழைய அலமாரியின் பிறந்த தேதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. முழுவதும் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால் போல விரிந்த பற்கள் இருந்தால் அது புறாவால் மூட்டு. பற்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறி, நடுவில் வரும் முளைகள் ஒல்லியாக, தச்சர் கோடு கிழித்த தடம் தெரிந்தால் கையால் வெட்டியது. எல்லாம் அச்சில் வார்த்தது போல் ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து வருவது. இவற்றுக்கு நடுவில் ஒரு விசித்திரமும் உண்டு: அரைவட்டமும் அதன் நடுவில் ஒரு புள்ளியுமாக இருக்கும் மூட்டு. சார்லஸ் நாப் என்பவர் 1867இல் காப்புரிமை வாங்கியது, 1900 வாக்கில் வழக்கொழிந்துவிட்டது. அதைப் பார்த்தால் வயதைப் பற்றி விற்பவர் சொல்வதைக் கேட்கவே வேண்டாம்.

திருகாணிகளையும் பாருங்கள். கையால் செய்த பழைய திருகாணியில் தலையின் பள்ளம் நடுவில் இல்லாமல் சற்றே விலகியிருக்கும், முனை மழுங்கியிருக்கும். கூர்முனைத் திருகாணி 1840களுக்கு அப்புறம்தான். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் தலை 1930களில் வந்தது. 150 வருட அலமாரி என்று சொல்லப்படுவதில் அந்தக் கூட்டல் குறி இருந்தால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள், பழுது பார்த்தபோது போட்டிருக்கலாம். ஆனால் எல்லா இடத்திலும் அதுவே என்றால் அலமாரியின் வயது அதற்குள்தான்.

இழுப்பறையின் அடி ஓரங்கள் தேய்ந்து குழிந்திருப்பது இயல்பு, ஓடும் பாதையும் அதேபோல் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் இழுப்பறை வேறு வீட்டிலிருந்து வந்தது. முன்பலகையின் உள்பக்கத்தில் பழைய பிடியின் துளைகள் அடைபட்டுத் தெரிகின்றன, வெளிப்பக்கத்தில் அவற்றின் சுவடே இல்லை என்றால், முகத்தில் பின்னாளில் வெனீர் ஒட்டியிருக்கிறார்கள். பிடி பித்தளையா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பின் மேல் முலாம்.

7. மரத்தைப் படிப்பது

பெயரைவிட முக்கியமானது வைரமா வெளிறா என்பது. மரத்தின் நடுப்பகுதி வைரம், நிறம் அழுத்தமாக, கனமாக இருக்கும், பூச்சி அவ்வளவு சீக்கிரம் தொடாது. பட்டைக்கு அடுத்த வெளிறிய பகுதி வெளிறு, எந்த மரமானாலும் பூச்சிக்கு அதுதான் விருந்து. தேக்கின் வைரம் கரையானை நன்றாகத் தாங்கும், தேக்கின் வெளிறு தாங்காது. "முழுத் தேக்கு" என்று விற்கப்படும் அலமாரியின் உள் சட்டங்களில் வெளிர்மஞ்சள் பட்டைகள் ஓடினால் அவற்றை ஆணியால் அழுத்திப் பாருங்கள்.

முழுப் பலகையா வெனீரா என்பதற்கு, பலகையின் மேல்பக்க ரேகை ஓரத்தில் திரும்பித் தொடர்கிறதா என்று கவனியுங்கள். தொடர்ந்தால் முழு மரம். வெனீர் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம், நல்ல பழைய வெனீர் கையால் அறுத்தது, ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருக்கும், அழகான ரேகையை அப்படித்தான் காட்ட முடியும். பின்னாளில் இயந்திரம் சீவியது அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது, உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் ஓட்டை விழும். விரல் நகத்தால் மேற்பரப்பைத் தட்டிக்கொண்டே போனால் வெனீர் விட்டுப்போன இடங்களில் சத்தம் மாறும்.

மரம் ரேகைக்குக் குறுக்காகத்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. இதனால் பழைய உருண்டைக் குமிழ்களை இரண்டு திசையில் அளந்தால் சற்று நீள்வட்டமாக இருக்கும், வயதுக்கு அது ஒரு நல்ல சாட்சி. பக்கப் பலகையில் ரேகையோடு ஓடும் ஒரு பழைய விரிசலும் இதே காரணத்தால் வந்ததுதான், பயப்படத் தேவையில்லை, புட்டி வைத்து அடைத்தால் மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் வேறு இடத்தில் பிளக்கும். காலிலோ மூட்டிலோ விரிசல் இருந்தால் அது வேறு கதை.

ஈட்டி, ரோஸ்வுட் வகை என்றால் ஒரு விஷயம். இவை சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துவது) கட்டுப்பாட்டில் இருக்கிறது, பிரேசில் ரோஸ்வுட் 1992இலிருந்தே இன்னும் கடுமையான பட்டியலில். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அலமாரியை அனுப்புவதாக இருந்தால், அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். தந்தம் பதித்த வேலை இருந்தாலும் அப்படியே.

8. ஜோடி சேர்த்தவையும் புதிதாய்ப் பழையவையும்

மேல் கண்ணாடி அலமாரி ஒரு வீட்டுடையது, கீழ் இழுப்பறைப் பெட்டி வேறொரு வீட்டுடையது, இரண்டையும் சேர்த்து ஒன்றாக விற்பது பழைய தந்திரம். முதுகுப் பலகைகளின் மரமும் நிறமும் மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கிறதா, பக்கப் பலகைகளின் ரேகை ஒத்துப்போகிறதா, மேல்பகுதி உட்காரும் இடத்தில் பாலிஷ் போட்ட பரப்பு தேவையில்லாமல் மறைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். ஜோடி சேர்த்தது உபயோகத்துக்கு ஒன்றும் குறையில்லை. விலை மட்டும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

பொய்த் தேய்மானம் தப்பான இடத்தில் இருக்கும். நிஜத்தில் கை படும் இடமும் கால் இடிக்கும் இடமும்தான் தேயும், நடுவில் யாரும் தொடாத இடத்தில் சங்கிலியால் அடித்த தடங்கள் இருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். பூச்சித் துளைகளையும் துளையிட்டு உண்டாக்குவார்கள். உள்ளே ஒரு மெல்லிய கம்பியை விட்டால் நேராகப் போகும், எல்லாம் ஒரே ஆழம். நிஜப் பூச்சி நேராகத் தின்னாது, கம்பி கொஞ்ச தூரத்திலேயே முட்டி நிற்கும். இன்னொன்று, பூச்சி மேற்பரப்பில் வாய்க்கால் வெட்டாது, உள்ளேதான் தின்னும். பலகையின் மேல் திறந்த வாய்க்கால்கள் தெரிந்தால், ஏற்கெனவே பூச்சி தின்ற பழைய மரத்தை அறுத்து இந்த அலமாரியைப் பிறகு செய்திருக்கிறார்கள்.

9. பூச்சி

இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் நீங்கள் வாங்கி வருவது ஓர் அலமாரியை மட்டும் அல்ல, உள்ளே குடியிருப்பவர்களையும் சேர்த்துத்தான், அவர்கள் உங்கள் மற்ற மரச்சாமான்களுக்கும் போவார்கள்.

சாதாரண மரச்சாமான் வண்டின் துளை 1.5 முதல் 2 மி.மீ. அது வண்டு வெளியேறிய துளை. அதற்கு முன் புழுவாக 3 முதல் 5 வருடம் மரத்துக்குள்ளேயே இருந்திருக்கும், அதனால் "வண்டே இல்லையே" என்பது ஒரு பதில் ஆகாது. துளையின் உள்பக்கம் கறுத்து அழுக்கடைந்திருந்தால் பழையது, அது வெளுப்பாகவும் ஓரம் கூர்மையாகவும் இருந்து கீழே மாவு உதிர்ந்திருந்தால் இப்போதும் தின்றுகொண்டிருக்கிறது. தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள்: மைதா மாதிரி வழுவழுவென்றிருந்தால் பவுடர் போஸ்ட் வண்டு, கடினமரங்களின் வெளிறைத் தின்னும் வகை. நறநறவென்றிருந்தால் மரச்சாமான் வண்டு. தூளுக்குப் பதில் கடுகைவிடச் சிறிய, ஆறு பட்டை உள்ள மணிகள் குவிந்திருந்தால் உலர்மரக் கரையான், அந்த அலமாரி வேண்டவே வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ஒரு வழி: கீழே கறுப்புத் தாள் விரித்து, துளைகளை மெழுகால் அடைத்து, சில வாரங்கள் தனியாக வைத்துப் பாருங்கள். புதுத் தூளோ புதுத் துளையோ வந்தால் உயிர் இருக்கிறது. சிகிச்சை உண்டு. போரான் கரைசலை வெறும் மரத்தில்தான் பூச வேண்டும், பாலிஷுக்கு மேல் பூசினால் உள்ளே இறங்காது. வெப்பச் சிகிச்சை என்றால் மரத்தின் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸை எட்டி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும், வெயிலில் வைத்தால் வராத வெப்பம், மேல்பாலிஷ் கெடுவதுதான் மிச்சம். பெரிய சாமான் என்றால் இதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் விடுங்கள்.

10. பூச்சு, வாசனை, கண்ணாடி

கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்குப் பாலிஷ், கீறல்களை உரிக்காமலே சரிசெய்யலாம், புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒட்டிக்கொள்ளும். தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர் எனும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, 1920களிலிருந்து வந்தது. இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரிதேன் மாதிரி ஏதோ ஒன்று, கீறல் விழுந்தால் முழுதாக உரித்தாக வேண்டும். அரக்குப் பாலிஷ் உள்ள பொருளை உரித்துவிட்டு பளபளவென்று பாலியூரிதேன் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

பெயின்ட் அடித்த பழைய அலமாரி என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் தடை செய்யப்பட்டதே 1978இல்தான், மற்ற பல நாடுகளில் இன்னும் தாமதம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசிதான் ஆபத்து. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உரியும் பெயின்ட் உள்ள அலமாரி வேண்டாம்.

இழுப்பறைக்குள் முகத்தைக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். பூஞ்சை வாசனை ஈரத்தில் இருந்ததைச் சொல்லும், காற்றாட வைத்தால் போகலாம். போகாவிட்டால் உள்பக்க வெறும் மரத்துக்கு அரக்குப் பூச்சு ஒன்று அடித்தால் வாசனை அடைபடும். எண்ணெய் மட்டும் பூசாதீர்கள், சிக்குப் பிடித்து நாறும். மருந்து நெடி கடுமையாக அடித்தாலோ, மரத்தில் வெள்ளைப் படிகங்கள் பூத்திருந்தாலோ பழைய பூச்சிக்கொல்லியாக இருக்கலாம், அதில் துணியும் சாப்பாட்டுப் பாத்திரமும் வைக்க வேண்டாம்.

கண்ணாடிக் கதவில் பின்னால் இருப்பது லேசாக நெளிந்து தெரிந்தால் பழைய கண்ணாடி. அப்பழுக்கில்லாத சமதளம் என்றால் 1959க்கு அப்புறம் வந்த மிதவைக் கண்ணாடியாக இருக்கலாம், மாற்றியிருக்கிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த மிகப் பழைய அலமாரியில் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் அது பாதரசம் கலந்த தகரப் பூச்சாக இருக்கலாம், சுரண்டாதீர்கள்.

11. வீட்டில் நிறுத்துவது

தரையில் வைத்ததும் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த காலின் கீழ் மரச்சிம்பு கொடுத்து நேராக்குங்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் தச்சரைக் கூப்பிடும் முன் இதைச் செய்யுங்கள், பாதிக் கதவுகள் இதிலேயே சரியாகிவிடும். கதவை இழைப்பதாக இருந்தாலும் ஒரு பருவம் முழுக்கப் பொறுங்கள். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் உள்ள அறை மரத்துக்கு ஏற்றது, நேர் வெயிலும் ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது. முதுகுக்கும் சுவருக்கும் இரண்டு, மூன்று செ.மீ. இடைவெளி விடுங்கள்.

சுவரோடு பிணைக்காமல் விடாதீர்கள். இழுப்பறைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்தால் முன்பக்கம் கனத்துக் கவிழும், பழைய அலமாரிகளில் இதைத் தடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது, குழந்தைகள் இழுப்பறையைப் படியாக்கி ஏறுவார்கள். மெல்லிய முதுகுப் பலகையில் திருகாமல், கூட்டின் மேல் சட்டத்தில் இரும்புக் கோணமோ பட்டையோ பொருத்திச் சுவரில் இறுக்குங்கள். பழைய பொருளில் துளை போடுவதா என்று தயங்குபவர்களுக்கு: பின்பக்கம் இரண்டு திருகுத் துளையால் மதிப்பு போய்விடாது. கனமானவை கீழ் இழுப்பறையில்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. உலர்ந்த மென்துணி, வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை தேன்மெழுகு பாலிஷ் மெல்லியதாக. சிலிக்கான் கலந்த ஸ்பிரே வேண்டாம், பின்னாளில் எந்தப் பூச்சும் ஒட்டாது. ஓடாத இழுப்பறையின் அடி ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். ஆளிவிதை எண்ணெய் உபயோகித்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் எறியுங்கள்.

சாவி ஒன்றே ஒன்றுதான் வந்திருந்தால் முதல் வாரத்திலேயே மாற்றுச் சாவி செய்து, பூட்டு எதுவும் இல்லாத வேறொரு இடத்தில் வையுங்கள். பழைய பூட்டுகளை உடைக்காமல் திறக்கத் தெரிந்தவர்கள் குறைவு, கதவை நெம்பினால் முதலில் பிளப்பது சட்டம்தான்.